பற்று, ஓடினவன், இல்லை: பாட்டியின் பெட்டியில் இருந்த மூன்று தாள்கள்

நீங்கள் கேட்டிருப்பது மூன்று சொற்களுக்குப் பொருள். பாட்டி இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் மூன்று தாள்கள் கிடைத்தன என்று எழுதியிருக்கிறீர்கள்: தோட்டத்துக்கு ஆள் சேர்த்துவந்து வேலை வாங்கும் கங்காணியின் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழிந்த ஒரு பக்கம், 1950இல் ஆங்கிலத்தில் டைப் அடித்த செக்ரோல் (தோட்டத்து ஆட்களின் வேலைநாள் பதிவேடு) பிரதி ஒன்று, 1953ஆம் ஆண்டுப் பிறப்புச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் உண்மையான கேள்வி: "பாட்டியின் தாத்தா கடன்காரர், அப்பா ஓடுகாலி, பாட்டி முறையாகப் பிறக்காதவர், இதைத்தான் இந்தத் தாள்கள் சொல்கின்றனவா?" அகராதியைப் பார்த்தால் ஆமாம் என்றுதான் வரும். அதனால் அகராதியைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம், மகள். இந்தச் சொற்களை எழுதியது யார், எந்தக் கட்டத்தில் எழுதினார், எதற்காக எழுதினார் என்று பார்ப்போம்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீசில் 1974இல் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து 35 வருஷம் செக்ரோல் எழுதியவன். எனக்கு முன் இருந்த பெரிய கிளாக்கர் பழைய புத்தகங்களை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். ஓய்வுபெற்ற பிறகு, தெரிந்தவர்கள் இப்படித் தாள்களைக் கொண்டுவந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது.

முதலில் கங்காணியின் பக்கம். நீங்கள் புரியாமல் விட்ட வரி இது: "௸யான் ௶ ௹ ௨௰௫". முதல் குறியை ஏதோ சாதி அடையாளமாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், அது "மேற்படி". மேல் வரியில் எழுதிய ஆளையே மறுபடி சொல்கிறார்; ஆங்கிலக் கிளாக்கர்கள் "டிட்டோ" போடுவது போல. இரண்டாவது குறி "பற்று", மூன்றாவது "ரூபாய்". கடைசியில் உள்ளதை "உயரு" என்று படித்து, சம்பள உயர்வாக இருக்கலாம் என்று உங்கள் மாமா சொன்னாராம். அது எழுத்து இல்லை, இலக்கம். தமிழ் இலக்கத்தில் ௨ பார்வைக்கு உ போலவும், ௰ ய போலவும், ௫ ரு போலவும் இருக்கும். இரண்டு, பத்து, ஐந்து: அதாவது 25. இந்த இடத்தில் பலரும் வழுக்குவார்கள். ௨௰ என்றால் இரண்டு பத்து, 20. ௰௨ என்றால் பத்தும் இரண்டும், 12. வரிசை மாறினால் கணக்கே மாறிவிடும். ஆக அந்த வரி முழுக்க "மேற்படியான் பற்று ரூபாய் 25". மேல் வரியில் பெயர் "பிசசை" என்று இருக்கிறது. அந்தக் கையெழுத்து மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. பிச்சை என்று வாசித்துக்கொள்ளுங்கள், அவர்தான் உங்கள் பாட்டியின் தாத்தா. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி விழுந்திருப்பதால் மற்றப் பெயர்களையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

பக்கத்தின் தலையில் "ராட்சச ௵ மாசி ௴ ௰௨ ௳" என்று இருப்பது திகதி. ராட்சச வருடம், மாசி மாதம், 12ஆம் நாள். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ராட்சச 1855 சித்திரையிலும் தொடங்கியது, 1915 சித்திரையிலும் தொடங்கியது. மாசி வருஷக் கடைசியில் வருவதால், ஒன்றில் 1856 பெப்ரவரி, இல்லாவிட்டால் 1916 பெப்ரவரி. எது? பக்கத்தின் அடியைப் பாருங்கள், "சதம்" என்று எழுதியிருக்கிறது. இலங்கையில் ரூபாய், சதம் கணக்கு 1872இல்தான் வந்தது; அதற்கு முன் பவுண், சிலிங், பென்ஸ். ஆகவே இது 1916 பெப்ரவரி கடைசி வாரம். இதை நான் உறுதியாகச் சொல்வேன். இதே மாதிரி "தாது வருஷத்தில் வந்தோம்" என்று எந்தக் குடும்பத்திலாவது சொன்னால், பெரும் பஞ்சம் தொடங்கிய 1876ஐ முதலில் நினையுங்கள். ஆனால் 1936உம் தாதுதான். சொன்னவரின் வயதைக் கேட்டுக்கொண்டு முடிவுசெய்யுங்கள்.

அதே பக்கத்தில் "பேர் ௰௮" என்பதைப் பார்த்து, பிச்சையின் கீழ் 18 பேர் வேலை செய்தார்கள், அவரும் ஒரு கங்காணியோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசையைக் கெடுக்க மனமில்லை, ஆனால் இல்லை. தோட்டத்தில் "பேர்" என்றால் ஒரு நாள் வேலை. பிரட்டுக்கு (காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுக்கும் இடம்) போய் நின்று, செக்ரோலில் பெயர் விழுந்தால் அது ஒரு பேர். பாதி நாளோடு திருப்பி அனுப்பினால் அரைப்பேர். இன்றைக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று கேட்டால் குடும்பத்தில் எத்தனை ஆள் என்று யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பிச்சை அந்த மாதம் 18 நாள் வேலை செய்திருக்கிறார், அவ்வளவுதான்.

இனி, வட்டம் போட்ட "பற்று". கணக்கில் பற்று என்றால் வாங்கியது, வரவு என்றால் கட்டியது. 25 ரூபாய் பற்று இருந்ததால் அவர் ஊதாரி என்றோ ஏமாற்றுக்காரர் என்றோ ஆகாது. இந்தியாவில் உள்ள ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வரும் கங்காணி, புறப்படும்போதே முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி, ஊரில் விட்டுவந்த கடனை அடைத்த காசு, எல்லாம் அந்த ஆளின் பெயரில் பற்றாக ஏறும். தோட்டத்துக்கு வந்து முதல் கொழுந்து பறிக்கும் முன்பே ஆள் கடன்காரர். அரிசியும் பற்றில் ஏறும், தீபாவளித் துணியும் ஏறும், சாவுச் செலவும் ஏறும். எழுதுவது கங்காணி, வாசிக்கத் தெரிந்ததும் பெரும்பாலும் கங்காணிதான். அதனால் அந்த 25 ரூபாய் உண்மையில் கைக்கு வந்ததா என்பதை இந்தத் தாள் சொல்லாது. கங்காணி அப்படி எழுதினார் என்பதை மட்டும் சொல்லும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு சீட்டுக் கொடுப்பார். அதற்குப் பெயர் துண்டு. ஆளோடு கடனும் தோட்டம் மாறும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். உங்கள் தாளில் உள்ளது துண்டு இல்லை, கங்காணியின் சொந்தக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெயருக்கு முன்னால் "குடி" என்று சுருக்கமாக இருப்பதை மட்டும் நான் தீர்த்துச் சொல்ல மாட்டேன். "குடியானவன்" என்பதன் சுருக்கமாக இருக்கலாம். தோட்டத்தில் அது பல சாதிகளைச் சேர்த்துச் சொல்லும் ஒரு பொதுப்பெயர். குடும்பம் என்ற பொருளிலும் "குடி" வரும். தனி ஆளா, குடும்பத்தோடு வந்தவரா என்று கங்காணி குறித்துவைப்பார். ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது ஊகம். இன்னும் நாலு பக்கம் இருந்து, எல்லாப் பெயருக்கும் முன்னால் ஏதாவது சாதிப் பெயர் இருந்தால் முதலாவது. சிலருக்கு மட்டும் "குடி", மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்றால் இரண்டாவது. இதை வைத்துச் சாதி கண்டுபிடிக்கப் போகிறவர்களுக்கு நான் உதவுவதில்லை. உங்களுக்கு ஊர் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் சொன்னேன்.

இரண்டாவது தாள்: பாட்டியின் அப்பாவின் செக்ரோல் பிரதி. 1931க்கு நேரே "போல்டட்" என்று இருக்கிறது. இணையத்தில் போட்டுப் பார்த்தால் "தாழிடப்பட்டது" என்று வந்ததாம், நன்றாகச் சிரித்தேன். ஓடிப்போனவன் என்று உங்கள் மாமா சொன்னதுதான் சரி. ஆனால் எதிலிருந்து ஓடினார்? 1865ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். நோட்டீஸ் கொடுத்துப் போனவருக்கு ஒரு சொல், கொடுக்காமல் போனவருக்கு இந்தச் சொல். சட்டத்தின் அந்தப் பல்லைப் பிடுங்கிய பிறகும் சொல் கிளாக்கர்களின் பேனாவிலிருந்து போகவில்லை. நான் சேர்ந்த காலத்திலும் பழைய ஆட்கள் அதையே சொன்னார்கள். 1931 உலகமெங்கும் தேயிலை, ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் குறைத்த காலம். உங்கள் ஆள் பக்கத்துத் தோட்டத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போனாரா, கங்காணியோடு சண்டையா, வேலை இல்லாமலா, இந்த ஒரு சொல்லில் அது கிடையாது. களவு, அடிதடி என்றிருந்தால் தோட்டம் பொலிசுக்குப் போயிருக்கும். அது வேறு புத்தகம்.

அதே பிரதியில் 1937க்கு நேரே "கோஸ்ட்" என்று இருப்பதைக் கடற்கரை என்று எடுத்து, கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தார் போல என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டத்து ஆங்கிலத்தில் "கோஸ்ட்" என்றால் தென்னிந்தியா. ஊருக்குப் போனார் என்று அர்த்தம். அடுத்த வருஷம் பெயர் திரும்ப ஏறியிருக்கிறது. இடையில் "ஸ்ட்ரக் ஆஃப்" என்று இருப்பது சாவைக் குறிப்பதில்லை; பெயரை வெட்டினார்கள், அவ்வளவே. ஆள் இல்லாதபோது செக்ரோலில் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் உறவினர் யாராவது "பத்துச்சீட்டு வாங்கின கதை" சொன்னால், கடையில் கொடுக்கும் பற்றுச்சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு அனுப்பும் சீட்டு. வெளியில் காசு கட்டியதற்கு அத்தாட்சி, இங்கே வீட்டையும் வேலையையும் ஒன்றாக இழந்ததற்கு அத்தாட்சி.

இந்தப் பிரதி ஏன் 1950இல் டைப் அடிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களைப் பிரஜாவுரிமைக்கு வெளியே விட்டது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டு வருஷம் கொடுத்தார்கள். 1946 ஜனவரி 1க்கு முன், கலியாணம் செய்தவர் ஏழு வருஷம், செய்யாதவர் பத்து வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க நம் ஆட்களிடம் என்ன இருந்தது? செக்ரோல்தான். ஆகவே அந்தத் தாள் உங்கள் பாட்டியின் அப்பாவுடைய வாழ்க்கைக் கதை இல்லை. நாட்டில் இருந்த நாளை எண்ணுவதற்காக ஒருவர் பொறுக்கி எடுத்த வரிகள். ஏழு வருஷக் கணக்கு 1939 ஜனவரியில் தொடங்குகிறது. அவர் ஊரிலிருந்து திரும்பியது 1938. நீங்கள் பயந்த இரண்டு வரிகளும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. விண்ணப்பம் என்ன ஆனது என்பது இந்தத் தாளில் இல்லை.

மூன்றாவது தாளுக்கு வருகிறேன், இதைத்தான் நீங்கள் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?" என்ற கட்டத்தில் "இல்லை". அந்தக் காலத்துத் தோட்டத்தில் கோயில் முன்னாலோ லயத்து வாசலிலோ ஊரைக் கூட்டித் தாலி கட்டுவார்கள். அதோடு கலியாணம் முடிந்தது. பதிவுகாரரிடம் போவதென்றால் ஒரு நாள் பேர் போகும், டவுனுக்குப் பஸ் காசு போகும், துரையின் அனுமதி வேண்டும். பிறப்பு எழுதும்போது கிளாக்கர் கேட்பது "கலியாணம் கட்டியாச்சா?" என்று இல்லை, "சான்றிதழ் இருக்கா?" என்று. இல்லை என்றால் "இல்லை". நானே அப்படி எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். அவர்கள் கலியாணத்தில் சாப்பிட்டவனும் நான்தான். உங்கள் பாட்டியின் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது, தகவல் கொடுத்தவரும் அப்பாவே. இதையும் சேர்த்து வாசித்தால், தாலி கட்டிய, பதியாத கலியாணம் என்பதே பெரும்பாலும் சரியாக இருக்கும். முழு உறுதி வேண்டுமானால், அதே பெற்றோருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் சான்றிதழைப் பாருங்கள். இடையில் பதிவு செய்திருந்தால் அந்தக் கட்டம் மாறியிருக்கும்.

அதற்குக் கீழே இரண்டு கட்டங்களில் வெறும் கோடு. பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் பெயரும் ஆண்டும் இடமும், தந்தை இலங்கையில் பிறக்காவிட்டால் பூட்டனார் பற்றிய அதே விபரம், இதுதான் கேட்கப்பட்டது. பிள்ளை பிறந்ததற்கும் பூட்டன் பிறந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பரம்பரையால் பிரஜை ஆவதற்கு, அப்பாவோ, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியே பிறப்புச் சான்றிதழில் இரண்டு கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. குடும்ப மரம் வரைய வந்த உங்களுக்கு அந்தக் கோடு எரிச்சலாக இருக்கும். ஆனால் கோடு என்றால் "தெரியாது" என்று பொருளில்லை. இங்கே பிறந்ததாகக் காட்டவில்லை என்று பொருள். 1916 கணக்கில் இருக்கும் பிச்சை ஊரிலிருந்து வந்தவர் என்பதோடு அது பொருந்துகிறது.

பிச்சை என்ற பெயரையும் விட்டுவிடாதீர்கள். முதல் பிள்ளைகள் செத்துச் செத்துப் போனால், அடுத்ததுக்குப் பிச்சை, குப்பன், குப்பாயி, மூக்காயி என்று வைப்பார்கள். எமன் திரும்பிப் பார்க்காமல் இருக்க. எல்லாப் பிச்சைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது, குலசாமி பெயராகவும் வரும். ஆனால் அவருக்கு மூத்த பிள்ளைகள் இருந்து இறந்திருக்கலாம் என்பதை மனதில் வைத்துத் தேடுங்கள்.

பெயர் எழுத்தை மட்டும் நம்பித் தேடாதீர்கள் என்பதற்கு என் சொந்தப் பாவம் ஒன்றே போதும். சேர்ந்த புதிதில் ஒரு பிள்ளைக்கு "லெட்சுமி" என்று பிறப்பு எழுதிக் கொடுத்தேன். அம்மா சொன்னது "இராஜலெட்சுமி". பிரட்டு மணி அடித்துவிட்டது, வாசலில் ஆள் நின்றது, பாதியை விட்டுவிட்டேன். பல வருஷம் கழித்து அந்தப் பெண் வேலைக்காலச் சேமிப்பான சேமலாப நிதிக் காசு எடுக்க முடியாமல், அடையாள அட்டையில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று என் முன்னாலேயே வந்து நின்றார். எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சத்தியக் கடதாசி எழுத மட்டும் உதவி செய்தேன். என் மாதிரி ஆட்கள் எழுதியதைத்தான் நீங்கள் இப்போது ஆவணம் என்று வாசிக்கிறீர்கள். ராமசாமியை ராமன் என்றும், கருப்பனைக் கார்ப்பன் என்றும், தம்பி முறையுள்ள சித்தப்பா மகனைக் கூடப்பிறந்த தம்பி என்றும் நாங்கள் எழுதியிருப்போம்.

ஊரைத் தேடுவது பற்றிச் சுருக்கமாக. "கண்டிக்குப் போனவர்" என்று தமிழ்நாட்டில் யாராவது சொன்னதை வைத்துக் கண்டி மாவட்டத்தில் மட்டும் தேடியது வீண் வேலை. அந்தப் பக்கத்துப் பேச்சில் மலைநாடு முழுவதும் கண்டிதான், பதுளையும் கண்டி, அப்புத்தளையும் கண்டி. பதுளைப் பக்கத்துப் பழைய பதிவென்றால், ஊவா மாகாணம் 1886இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தியது மத்திய மாகாணத்தின் கீழ் கிடக்கும். இன்று பெரிய தோட்டத்தின் ஒரு பிரிவாக, டிவிஷனாக இருப்பது அன்று தனித் தோட்டமாக வேறு பெயரில் இருந்திருக்கும். பழைய பெர்குசன் டைரக்டரியில் தோட்டப் பெயர்களைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பிஜி, மொரிசியஸ் போனவர்களுக்கு இருப்பது போல ஆளுக்கொரு கப்பல் சீட்டு, அதில் கிராமம், தாலுகா என்று எதிர்பார்க்க வேண்டாம். இங்கே வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வரவில்லை, கங்காணியோடு வந்தவர்கள். பாட்டி "தகரம் கட்டி வந்தவங்க" என்று சொன்னது, தமிழ்நாட்டிலிருந்த தட்டப்பாறை, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களுக்கு மாட்டிய இலக்கத் தகரத்தை; அதில் ஊர் இருக்காது, போகும் தோட்டத்தின் இலக்கம் இருக்கும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா போன உறவு யாராவது இருந்தால் அவர்களுடைய குடும்ப அட்டையையும் பழைய பாஸ்போட்டையும் கேட்டுப் பாருங்கள். சொந்தக் கிராமத்தின் பெயர் பல குடும்பங்களுக்குக் கிடைத்தது அந்த வழியாகத்தான். ராமநாதபுரம் ஜில்லா என்று இருந்தால், அது 1910இல் உண்டானது; அதற்கு முந்திய தாளில் அதே ஊர் மதுரை ஜில்லா என்று இருக்கலாம்.

நீங்கள் அனுப்பியது கங்காணி பக்கத்தின் ஒரு புறம்தான். மறுபக்கத்தில் மை ஊறித் தெரிகிறது. அதைக் காலை வெயிலில், ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஊறியிருப்பதில் மூன்றாவது வரியில் ௷ என்ற குறி மாதிரி ஒன்று எனக்குத் தெரிகிறது. அது வரவுக் குறி. பிச்சையின் பெயருக்கு நேரே அது இருந்தால், 25 ரூபாயில் எவ்வளவு கட்டினார் என்பதையும் சேர்த்தே வாசித்துவிடலாம்.